ஜூலை 1-க்கு முன்னால் தாண்டியவர்கள்

நாகர்கோவில்ல இருந்து பேசுறேன். இன்னைக்கு ரெண்டு தமிழ்நாட்டு வீரர்கள் கதை. ரெண்டு பேரும் தேசிய சாதனை படைச்சவங்க. ஆனா பாரிஸ் ஒலிம்பிக் தகுதிக்கு அந்தச் சாதனை கணக்குல வரல.

ஒருத்தர் ஜெஸ்வின் ஆல்ட்ரின், நீளம் தாண்டுதல். தூத்துக்குடி மாவட்டம், முதலூர். ஆமா, மஸ்கோத் அல்வா ஊரேதான். 2023 மார்ச் 2-ம் தேதி கர்நாடகா விஜயநகர்ல 8.42 மீட்டர் தாண்டினார். பாரிஸ்ல வெள்ளி வாங்கினவர் தாண்டினது 8.36. இதைக் கொஞ்சம் மனசுல வெச்சுக்கிடுங்க.

இன்னொருத்தர் பிரவீன் சித்ரவேல், டெல்டா பையன், மும்முறை தாண்டுதல். 2023 மே 6, கியூபாவுல ஹவானா, 17.37 மீட்டர். அதுவும் எதிர்க்காத்துல.

பாரிஸுக்குக் கேட்ட அளவு 8.27, 17.22. தாண்டியாச்சுல்லா? ஆனா கணக்கு ஆரம்பிக்கிறதே 2023 ஜூலை 1-ல. 2024 ஜூன் 30-ல முடியும். பிரவீன் சரியா எட்டு வாரம் முந்திட்டார், ஜெஸ்வின் நாலு மாசம். நம்ம வயக்காட்டுல கன்னிப்பூவுக்கு விதைச்சதைக் கும்பப்பூ கணக்குல எழுத முடியுமா? அதே கதைதான்.

அதுக்காகப் பசங்களைக் குத்தம் சொல்லிறாதீங்க. அந்த வருஷம் ஆகஸ்டுல புடாபெஸ்ட் உலக சாம்பியன்ஷிப் இருந்துச்சு. அதுக்குத் தகுதி ஜூலை முடியுறதுக்குள்ள காட்டணும். உள்ளூர் தேர்வுப் போட்டிகளும் கோடையிலதான் வரும். அதனால மார்ச்-மே உச்சம் நியாயமானதுதான். என் பார்வையில சறுக்கல் அதுக்கப்புறம். முழுசா பன்னிரண்டு மாசம் கையில இருந்தும் ரெண்டாவது உச்சத்துக்குத் திட்டம் கைகூடல. புடாபெஸ்ட் இறுதிச்சுற்றுல ஜெஸ்வின் 7.77 தாண்டி 11-வது இடம்.

அப்புறம் மிச்சமிருந்த ஒரே வழி உலகத் தரவரிசை. ஒரு போட்டிக்கு 32 பேர். அஞ்சு நல்ல முடிவுகளோட சராசரி, இடத்துக்குத் தனிப் புள்ளி. ஓய்வெடுத்து உடம்பைத் தேத்த வேண்டிய மாசங்கள்ல ஊர் ஊராப் போய் புள்ளி பொறுக்கணும். ரெண்டு பேரும் அப்படித்தான் பாரிஸுக்குள்ள போனாங்க. ஜெஸ்வினுக்கு இடம் உறுதியானதே கடைசி நேரத்துலதான். முதல் ரெண்டு தாண்டலும் ஃபவுல், மூணாவது 7.61. பிரவீன் 16.25. இருவரும் தகுதிச் சுற்றோட வெளியே.

சரியான நேரத்துல தாண்டினா மட்டும் போதுமான்னு கேட்டா, அதுவும் இல்ல. கேரளாவோட ஸ்ரீசங்கர் 2023 ஜூலையில பாங்காக்ல 8.37 தாண்டி, ஒரு வருஷம் முன்னாடியே பாரிஸ் டிக்கெட் வாங்கிட்டார். 2024 ஏப்ரல்ல பயிற்சியில முழங்கால் போச்சு. போகவே முடியல. ரஞ்சித் மகேஸ்வரி கதை நேர் எதிர். ரியோவுக்குத் தகுதி முடியுற கடைசி நாள், 2016 ஜூலை 11, பெங்களூர்ல 17.30. அடுத்த மாசம் ரியோவுல 16.13. உச்சம் தேர்வுலயே செலவாயிட்டு.

இப்போ பிரவீன் திரும்ப வந்திருக்கார். 2025-ல கொச்சி ஃபெடரேஷன் கோப்பையில மறுபடியும் அதே 17.37. மாசம்? ஏப்ரல். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் தொடங்குறது ஜூலை 14. தடகளம் முதல் வாரத்துலயே.