கைப்பேசி காலத்தில் ஞாபக சக்தி

(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

முதலில் ஒரு சின்னப் பரீட்சை. கைப்பேசியைத் தொடாமல் உங்கள் பிள்ளை அல்லது பெண்ணின் நம்பரைச் சொல்ல முடியுமா? அது போகட்டும். தர்ப்பணத்தில் பித்ரு வர்க்கம், மாதாமஹ வர்க்கம் இரண்டிலும் மும்மூன்று தலைமுறை, ஆணும் பெண்ணுமாகப் பன்னிரண்டு பெயர்கள் வருகின்றன. தாளையோ திரையையோ பார்க்காமல் அவற்றைச் சொல்லக் கூடியவர்கள் நம்மில் எத்தனை பேர்?

வயதை மட்டும் இதற்குக் காரணமாகச் சொல்லிவிட முடியாது. 2011-ல் பெட்ஸி ஸ்பாரோ, ஜென்னி லியு, டேனியல் வெக்னர் ஆகிய மூவர் ‘சயன்ஸ்’ பத்திரிகையில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சில செய்திகளைக் கம்ப்யூட்டரில் டைப் செய்யச் சொல்லி, பாதிப் பேரிடம் ‘இது பத்திரமாக இருக்கும்’ என்றும், மீதிப் பேரிடம் ‘அழிந்துவிடும்’ என்றும் சொன்னார்கள். பத்திரமாக இருக்கும் என்று நம்பியவர்களுக்கே செய்தி குறைவாக நினைவில் நின்றது. அதே கட்டுரையிலுள்ள வேறொரு சோதனை, பின்னர் 2018-ல் வெளியான மறு ஆய்வில் அதே முடிவைத் தரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் நான் சொன்ன சோதனை நம் அன்றாட அனுபவத்தோடு ஒத்துப்போகிறது.

ஞாபகத்தைப் பிறரிடம் ஒப்படைப்பது நமக்குப் புதிதல்ல. சிராத்த திதி பாட்டிக்குத் தெரியும். நிலத்தின் சர்வே நம்பர் தாத்தாவுக்குத் தெரியும். ஆனால் பாட்டியிடம் திதியைக் கேட்டால், அந்தக் கொள்ளுத் தாத்தா எந்த ஊர், எப்படிப்பட்டவர் என்ற கதையும் சேர்ந்து வரும். கைப்பேசியில் தேதி மட்டும் வருகிறது. பாட்டியிடம் போய்க் கேட்பதற்கு யாருக்கும் அவசியமும் இல்லாமல் போய்விட்டது. பெரிய நஷ்டம் இதுதான்.

அதற்காகக் கைப்பேசியை வேண்டாம் என்று சொல்லவில்லை. மருந்து வேளை, ரயில் டிக்கெட், மின்கட்டணக் கடைசித் தேதி எல்லாம் அதிலேயே இருக்கட்டும். மனசுக்குப் பாரம் குறையும், காரியமும் நடக்கும். பாராயணமோ, படிப்போ, ஆபீஸ் வேலையோ செய்யும் நேரத்தில் மட்டும் அது வேறு அறையில் இருக்கட்டும்.

நினைவு எப்படி நிலைக்கிறது? ரோடிகர், கார்பிகே என்ற இருவர் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழு ஒரு பத்தியை நான்கு தவணை திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு ஒரு தவணை படித்துவிட்டு, மூன்று தவணை பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு நினைவில் நின்றது 40 சதவீதம். எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம்.

நம் பாடசாலைகளில் இது பழைய சங்கதி. சந்தை சொல்லும்போது வாத்தியார் ஒரு தரம் சொன்னதை மாணவன் இரண்டு தரம் சொல்கிறான். கன பாடத்தில் மூன்று பதங்கள் 1-2, 2-1, 1-2-3, 3-2-1, 1-2-3 என்று முன்னும் பின்னுமாக வரும். வாயால் சொல்லிச் சொல்லியே நிலைநிறுத்திய இந்த வேத பாராயண மரபை யுனெஸ்கோ 2003-ல் அங்கீகரித்தது.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த அமாவாசைக்குள் உங்கள் குழந்தைகளை வீட்டுப் பெரியவர் அருகில் உட்கார வையுங்கள். அவர் வேறு ஊரில் இருந்தால் வீடியோ காலில் கூப்பிடுங்கள். பன்னிரண்டு பெயர்களையும், ஒவ்வொருவரைப் பற்றி ஒரு செய்தியையும் அவர் குரலிலேயே பதிவு செய்யுங்கள். அதைப் பத்திரப்படுத்தக் கைப்பேசியை விடச் சௌகரியமான சாதனம் இல்லை. ஆனால் மறுநாள் குழந்தை அதைப் பார்க்காமல் சொல்லட்டும். தப்பினால் திருத்துங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும்.