குழாய்க்குள் ஓர் அதிர்வு

(குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



எட்டாம் வகுப்பில் அதிர்வு நடத்தும்போது பிள்ளைகளைப் பக்கத்து வாய்க்காலுக்கு அழைத்துச் செல்வேன். மெல்லிய மூங்கில் குச்சியை ஓடும் நீரில் செங்குத்தாகப் பிடிக்கச் சொல்வேன். குச்சியைக் கடக்கும் நீர் இரு பக்கமும் மாறி மாறிச் சுழல்களாகப் பிரிந்து, குச்சியைப் பக்கவாட்டில் ஆட்டும். கணக்கும் எளிது: நீரின் வேகத்தைக் குச்சியின் விட்டத்தால் வகுத்து 0.2-ஆல் பெருக்க வேண்டும். 1 செ.மீ. குச்சி, நொடிக்கு 1 மீட்டர் ஓட்டம் என்றால் நொடிக்குச் சுமார் 20 அதிர்வுகள். இது குச்சியின் இயல்பு அதிர்வெண்ணை நெருங்கினால் ஒத்ததிர்வு ஏற்படும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி, "சார், முன்னும் பின்னும்கூட ஆடுது" என்றாள். "உன் கை நடுங்குதும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையிடம் குச்சியைக் கொடுத்தேன். என் கரும்பலகைப் படத்தில் பக்கவாட்டு அம்புக்குறி மட்டும்தானே இருந்தது!

பின்னர்தான் ஜப்பானின் மொஞ்சு அணு உலையைப் பற்றிப் படித்தேன். அங்கே வெப்பத்தைக் கடத்தியது தண்ணீர் அல்ல, திரவ சோடியம். அதன் வெப்பநிலையை அளக்க, குழாய்க்குள் விரல் நீட்டியதுபோல ஒரு சிறு உறை. அதற்குள் வெப்பமின் இரட்டை. 1995 டிசம்பர் 8 அன்று அந்த உறை முறிந்தது. அந்த வழியே சுமார் 640 கிலோ சோடியம் கசிந்து, காற்றில் பட்டு எரிந்தது. இரண்டாம் சுற்றுக் குழாய் என்பதால் கதிரியக்கக் கசிவு இல்லை. ஆனால் உலை மீண்டும் இயங்க 2010 மே ஆயிற்று.

முறிவுக்குக் காரணம்? வடிவமைத்தவர்கள் பக்கவாட்டு அதிர்வைக் கணக்கிட்டிருந்தார்கள். ஆனால் சில வேகங்களில் இரு பக்கச் சுழல்களும் ஒரே நேரத்தில் பிரியும். அப்போது பக்கவாட்டு விசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். ஓட்டத்தின் திசையில் முன்னும் பின்னுமான ஆட்டம்தான் மிஞ்சும். அதை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. உறை தடித்த பகுதியிலிருந்து சட்டென்று மெலியும் இடத்தில் தகைவு குவிந்து, ஓயாத அதிர்வில் உலோகம் சோர்ந்து, விரிசல் விட்டது. கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்து ஒடிப்போமே, அதேதான்.

படித்த அன்று எனக்கு அந்த வாய்க்கால்தான் நினைவுக்கு வந்தது. இந்த ஆண்டு நான் படம் வரைவதற்கு முன்பே, குச்சி எந்தெந்தப் பக்கம் ஆடுகிறது என்று பிள்ளைகள் நோட்டில் எழுதிவிடுகிறார்கள். சில நோட்டுகளில் உண்மையிலேயே கை நடுக்கம்தான்; இருக்கட்டும்.

அந்த மாணவி இப்போது பத்தாம் வகுப்பு. போன வாரம் அழைத்து மொஞ்சுவைப் பற்றிச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்போ என் கை நடுங்கல, இல்லையா சார்?" என்றாள்.