திரையில் எழுதும் எதிரொலி



முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒலியியல் கற்பித்தவன் நான். பேச்சொலியின் நிறமாலை வரைபடத்தை மாணவர் முன் விரித்து, “இதை வாசியுங்கள்” என்று சொல்லிச் சொல்லியே என் பணிக்காலம் கழிந்தது. அத்தகைய நான், ஒரு மீன்பிடிப் படகில் இருந்த உள்ளங்கை அகலத் திரையை வாசிக்கத் தெரியாமல் தவறிய நிகழ்ச்சியை முதலில் சொல்லியாக வேண்டும்.

இடம் திரங்கானு மாநிலத்துக் கென்யிர் ஏரி. 1985ஆம் ஆண்டு அணை கட்டி முடிக்கப்பட்டபோது அங்கிருந்த காடு நீருக்குள் மூழ்கியது. மலையுச்சிகள் முந்நூற்றுக்கும் மேற்பட்ட தீவுகளாயின. பள்ளத்தாக்கு மரங்கள் பல, நின்ற நிலையிலேயே நீருக்கடியில் நிற்கின்றன. என் பழைய மாணவர் ஒருவர், இப்போது ஆசிரியர், என்னை அங்கே அழைத்துச் சென்றிருந்தார். படகோட்டி ஒரு மலாய் முதியவர். நாங்கள் அவரைப் ‘பாக் சிக்’ என்றே அழைத்தோம். படகில் மீன்காட்டும் கருவி ஒன்று இருந்தது. அதன் திரையில் திடீரென்று ஒரு நெடிய செம்மஞ்சள் தூண் எழுவதைக் கண்டு, “முன்னால் மரம்! படகை நிறுத்துங்கள்!” என்று கூவினேன். மாணவர் தயங்கியபடி, “ஐயா, அந்த மரத்தை நாம் கடந்துவிட்டோம்” என்றார். பாக் சிக் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்றைய என் பிழை ஒரு சிறு கவனக்குறைவன்று. அத்திரையை நீரடியின் நிழற்படம் என்று எண்ணியதே பிழை. இடப்புறம் நாம் வந்த வழி, வலப்புறம் நாம் போகும் வழி, நடுவே படகு என்று மனம் தானாகவே ஒரு காட்சியை வரைந்துகொண்டது. உண்மையில் அத்திரையில் ‘முன்’ என்னும் திசையே இல்லை.

கருவி வேலை செய்யும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். படகின் அடியில் பொருத்தப்பட்ட உணரி, நம் காதுக்கு எட்டாத ஓர் ஒலித்துடிப்பை நீருக்குள் செலுத்துகிறது. 50 கிலோஹெர்ட்ஸ், 200 கிலோஹெர்ட்ஸ் ஆகிய அலைவெண்கள் பெருவழக்கு. கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும். நன்னீரில் சற்றே குறைவு. முப்பது மீட்டர் ஆழத்துத் தரையைத் தொட்டுத் திரும்ப, அதற்கு நொடியில் நூறில் நான்கு பங்கு நேரம் போதும். கருவி அறிவது அந்த நேரத்தையும், திரும்பி வந்த ஒலியின் வலிமையையும் மட்டுமே. நேரத்தை ஆழமாகவும் வலிமையை நிறமாகவும் மாற்றி, திரையின் வலது ஓரத்தில் ஒரு மெல்லிய நெடுவரியாக எழுதுகிறது. அடுத்த துடிப்பின் எதிரொலி வந்ததும் பழைய வரியை இடப்புறம் தள்ளிவிட்டுப் புதிய வரியை எழுதுகிறது. ஆகவே வலது ஓரத்து ஒற்றை வரி மட்டுமே ‘இப்போது’. எஞ்சியவை யாவும் கடந்த காலம். படுக்கைவாட்டில் ஓடுவது தொலைவன்று, காலம்.

இதை எனக்கு விளக்கியபோது நான் உண்மையாகவே வெட்கப்பட்டேன். நிறமாலை வரைபடத்திலும் படுக்கைவாட்டில் காலந்தானே ஓடுகிறது! செங்குத்தில் அங்கே அலைவெண், இங்கே ஆழம், அவ்வளவே வேறுபாடு. இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்தவை. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தார் பேச்சைக் கண்ணுக்குப் புலனாக்கிய முறையை விளக்கும் நூல் 1947இல் வெளிவந்தது. ஜப்பானின் நாகசாகிப் பகுதியைச் சேர்ந்த ஃபுருனோ சகோதரர்கள் மீன்காட்டும் கருவியை 1948இல் விற்பனைக்குக் கொண்டுவந்தனர். இரு கருவிகளும் தொடக்கத்தில் தாளில்தான் எழுதின.

மீனின் வடிவத்துக்கு வருவோம். நகரும் படகின் கீழே ஒரு மீன் அசையாமல் நிற்கிறது என்று கொள்க. ஒலி கூம்பு வடிவில் கீழே விரிகிறது. கூம்பின் ஓரத்தில் மீன் அகப்படும்போது அதற்கும் படகுக்கும் இடையே சாய்வான தொலைவு. அது சற்றுக் கூடுதல். நேர் கீழே வரும்போது தொலைவு மிகக் குறைவு. விலகும்போது மீண்டும் கூடும். இதனால் திரையில் மேல்நோக்கி வளைந்த ஒரு வில் தோன்றுகிறது. புதிதாகப் பார்ப்பவர் அதை வளைந்த முதுகுள்ள மீன் என்றே எண்ணுவார். அது மீனின் முதுகன்று. தொலைவு குறைந்து கூடியதன் வரலாறு.

படகு நங்கூரமிட்டு நிற்கும்போது இது இன்னும் தெளிவாகும். அப்போது கீழே அசையாமல் நிற்கும் விரலளவு மீனும் திரையில் ஒரு நீண்ட கோடாக ஓடும். அதைக் கண்டு, “எவ்வளவு பெரிய மீன்!” என்று வியந்தவர் பலர், நானும் அவர்களுள் ஒருவன். தமிழாசிரியர்களுக்கு இதை விளக்க வேறு உவமை வேண்டியதில்லை. ‘பல்’, ‘பால்’ என்னும் சொற்களில் நெடில் பெரிய ஒலியன்று, நீண்ட நேரம் ஒலிக்கும் ஒலி. தொல்காப்பியர் மாத்திரையைக் கண்ணிமைப்பொழுதாலும் கைந்நொடிப்பொழுதாலும் அளந்தது அது காலவளவு என்பதனாலேயே. திரையில் ஓடும் நீண்ட கோடும் அத்தகைய நெடில்தான். நெடுநேரம் நின்ற மீன், நெடிய மீன் அன்று.

அப்படியானால் மீனின் பருமனை நிறம் காட்டுமா? ஓரளவே காட்டும். மீனின் தசை பெரும்பாலும் நீரைப் போன்றதாதலால் ஒலி அதைப் பெரிதும் ஊடுருவிச் சென்றுவிடும். வலிமையாக எதிரொலிப்பது மீனின் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பை. நம் சந்தையில் பெருவிலை பெறும் தெங்கிரிக்கு, தமிழ்நாட்டார் வஞ்சிரம் என்பதற்கு, காற்றுப்பை இல்லை. எனவே கையளவு சிறுமீன் கூட்டம் பளிச்சென்று சிவக்கும்போது, கைநீளத் தெங்கிரி மங்கலாகத் தோன்றி மறையலாம்.

தரையையும் இவ்வாறே வாசிக்க வேண்டும். மலாக்கா நீரிணைக் கரையோரத்துச் சேறு ஒலியைப் பெரிதும் விழுங்கிவிடும், கோடு மங்கும். பாறையாயின் எதிரொலி வலுவாக வரும். ஆழம் குறைந்த இடத்தில், அது நீர்ப்பரப்பில் மோதி மீண்டும் பாறைக்குச் சென்று திரும்புவதும் உண்டு. அப்போது சரியாக இருமடங்கு ஆழத்தில் இரண்டாவது தரை ஒன்று தோன்றும். இல்லாத தரை அது. ஆனாலும் மேலே உள்ள தரை கடினமானது என்பதற்கு அதுவே சான்று.

கென்யிரின் சிக்கல் மரங்கள். மரக்கிளைகளிடையே தெரியும் புள்ளி மீனா, கிளையா? எனக்குப் பாக் சிக் சொன்ன முதல் அறிவுரை, கருவியில் உள்ள மீன் படத்தை அணைத்துவிட வேண்டும் என்பது. பல கருவிகளில், தரையைத் தொடாமல் தனித்து நிற்கும் எதிரொலியைக் கண்டால் அவ்விடத்தில் ஒரு சிறு மீன் சித்திரத்தை இட்டுவிடும் வசதி உண்டு. கிளை நுனிக்கும் மீன் சித்திரம், காற்றுக்குமிழிக்கும் மீன் சித்திரம். வில்லின் வளைவு, தடிப்பு, அது முழுமையா பாதியா என்னும் செய்திகளையெல்லாம் அழித்துவிட்டு ஒரே படத்தை அது தருகிறது. சொற்றொடர் தோறும் கோனார் உரை வைத்துப் படிக்கும் மாணவர் மூலத்தைப் பார்க்காமலே போவது என் நினைவுக்கு வந்தது. (உரைநூல்களால் பிழைத்தவர்களுள் நானும் ஒருவன் என்பதால் இதைப் பெரிதாகக் குறை கூறும் தகுதி எனக்கில்லை.)

அவரது இரண்டாவது அறிவுரை, திரைக்கு வெளியே பார்க்க வேண்டும் என்பது. நாற்பது மீட்டர் ஆழத்தில் நான் காட்டிய புள்ளிகளை அவர் பொருட்படுத்தவே இல்லை. வெப்பமண்டலத்து ஆழ்ந்த ஏரிகளில் மேல்நீரும் அடிநீரும் எளிதில் கலப்பதில்லை. அடிநீரில் உயிர்வளி மிகக் குறைவு. அங்கே தெரிவது மரமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். விரால் இனத்துப் பெருமீனாகிய தோமானோ காற்றைச் சுவாசிப்பது. அடிக்கடி நீர்ப்பரப்புக்கு வந்தாக வேண்டும். கருவியோ மேற்பரப்பில் ஏறத்தாழக் குருடு. இருபது பாகைக் கூம்பு, இரண்டு மீட்டர் ஆழத்தில் காண்பது எழுபது சென்டிமீட்டர் வட்டம் மட்டுமே. ஆகவே தோமானைத் தேடும்போது பாக் சிக் திரையைப் பார்ப்பதில்லை. நீர்மேல் வெடிக்கும் குமிழிகளையும், திரளாகச் சிவந்து துள்ளும் குஞ்சுகளையும் பார்க்கிறார்.

இதே திரங்கானு மாநிலத்துச் செத்தியூப் பகுதியில் ‘ஜூரு செலாம்’ எனப்படும் மீனவர்கள் இருந்தனர். இன்று அவர்கள் அருகிவிட்டனர். படகின் விளிம்பைப் பற்றியபடி நீருக்குள் தலையை அமிழ்த்தி, மீன்களின் ஒலியைக் கேட்டு, எந்த மீன், எத்திசை, எத்தனை என்று சொல்வது அவர்கள் தொழில். கெலாமா, அதாவது நம்மவர் கத்தாளை என்னும் மீன், தன் காற்றுப்பையை ஒட்டிய தசைகளை அதிரச் செய்து ஒலி எழுப்பக்கூடியது. கருவிக்கு எதிரொலி தரும் உறுப்பும் கத்தாளைக்குக் குரல் தரும் உறுப்பும் ஒன்றே. கருவி தானே ஒலித்துத் தன் ஒலியின் திரும்புகையைக் கேட்கிறது. ஜூரு செலாம் பேசாதிருந்து, மீன் பேசுவதைக் கேட்டார். கருவி “இங்கே காற்று உள்ளது” என்று மட்டும் சொல்லும்; அவர் மீனின் பெயரைச் சொன்னார். ஓர் ஒலியியலாளனாக, அவருள் ஒருவரிடமேனும் அமர்ந்து, எந்தெந்த ஒலி வேற்றுமைகளை அவர் பிரித்தறிந்தார் என்று பதிவு செய்யாமல் விட்டது என் குறை. அந்த மாநிலத்திற்குக் கருத்தரங்குகளுக்காகப் பலமுறை சென்றிருக்கிறேன்.

எங்கள் கடைசி மாலையில், ஒரு மூழ்கிய மரத்தின் முடிக்கு மேலே, எட்டு மீட்டர் ஆழத்தில், முழுமையான ஒரு வில்லைக் கண்டேன். இரு முனையும் மெலிந்து, நடு தடித்து, மரத்திலிருந்து நூலிழை விலகி நின்றது. “மீன்” என்றேன். பாக் சிக் முதன்முறையாகத் திரும்பித் திரையைப் பார்த்தார். “கிளை” என்றார். படகைத் திருப்பி அதே இடத்தின் மேல் மீண்டும் செலுத்தினோம். வில் அங்கே இல்லை. மீனாதலால் நகர்ந்துவிட்டது என்றேன் நான். படகு ஒரு முழம் விலகிச் சென்றது என்றார் அவர். தூண்டிலிட்டோம், இருட்டும்வரை எதுவும் கடிக்கவில்லை. அது மீன்தான் என்று நான் இன்றும் கருதுகிறேன். அவர் கிளை என்கிறார்.