மதிலும் மழைநீரும்



நம் ஊர்களில் ஏரிக்கரை எழுப்பிய முன்னோர், மிகுநீர் வெளியேறக் கலிங்கு அமைக்க மறந்தாரல்லர். நீருக்கு வழி விட்டால்தான் கரை நிற்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். மும்பையின் குன்றுச் சரிவுகளில் வீடு கட்டி மதில் எழுப்பும் நாமோ, இதனை மறந்துவிடுகிறோம்.

2021ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள், விடியுமுன், செம்பூர் வாஷி நாக்காவை அடுத்த பாரத் நகரில் பெருமழையால் மண் சரிந்து, மதில் இடிந்து வீடுகளின்மேல் வீழ்ந்தது. 19 உயிர்கள் பறிபோயின. 2019 ஜூலை 2ஆம் நாள் மலாடிலும் மதிலொன்று இடிந்து பலர் மாண்டனர். இவற்றை விதியென்று கூறி அமைதல் தகுமா?

மதில் சாய்வது மண்ணின் பாரத்தால் மட்டும் அன்று. பின்புறம் 2 மீட்டர் உயரம் நீர் தேங்கினால், மதிலின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் ஏறத்தாழ 2 டன் எடைக்கு நிகரான விசை தள்ளுகிறது. ஆகவே முதற்கண் வேண்டுவது கூடுதல் சிமெண்டு அன்று. நீர் வடிய வழியே. மதிலில் வடிதுளைகள் விட்டு (கொத்தனார்கள் இதனை ‘வீப் ஹோல்’ என்பர்), பின்புறம் சரளைக்கல் நிரப்புதல் வேண்டும். அழகு கருதித் துளைகளைப் பூசிவிடுவோரும் உளர். அது கலிங்கை அடைப்பதற்கு ஒப்பாகும். ஜூன் மாதம் மழை தொடங்குமுன் துளைகளைத் தூர்வார வேண்டும். அறையொன்று கூட்டும் ஆசையால் சரிவின் அடிமண்ணை வெட்டுதல் கூடவே கூடாது.

சிறிய மண்சரிவுக்கு வெட்டிவேர் நல்ல துணை. அதன் வேர் பக்கவாட்டில் படராமல் நேரே கீழிறங்கி, 3 மீட்டர் ஆழம்வரை மண்ணைப் பிணிக்கும். கர்நாடகத்தின் குண்டலுப்பேட்டை உழவர்கள் நெடுங்காலமாக அதனை வயல் எல்லையில் நட்டு வந்துள்ளனர். ஆயினும் செங்குத்தான சரிவுக்கு அது போதாது. பொறியாளரின் யோசனை இன்றியமையாதது.

மதில் வயிறு தள்ளினாலும், தரையில் புதுப் பிளவு கண்டாலும், கலங்கிய நீர் ஊறினாலும், பொருள்களை எண்ணித் தயங்காது குடும்பத்தோடு வெளியேறுங்கள். மாநகராட்சியின் 1916 என்னும் எண்ணுக்கு உடனே தெரிவியுங்கள்.

எல்லைக்கல்லோடு நம் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. மேல்வீட்டார் சரிவில் விடும் கூரைநீரே கீழ்வீட்டார் மதிலைத் தள்ளுகிறது. அண்டை வீட்டார் மராத்தியராயினும் குஜராத்தியராயினும், கூடிப் பேசிப் பொது வடிகால் ஒன்று அமைத்தால் செலவும் குறையும்; பகையும் வளராது. பிறந்த ஊரை விட்டு வந்த நமக்கு, மழை இரவில் முதலில் கதவைத் தட்டி எழுப்புபவர் அவரே அன்றோ!