அமெரிக்கா எலக்‌ஷனும் நம்மூர் அபிஷேகமும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், 2024 நவம்பர் 5ந் தேதி நடந்த அமெரிக்கா பிரசிடெண்டு எலக்‌ஷனைப் பற்றியதாகும். எங்கோ கடலுக்கப்பால் நடந்த எலக்‌ஷனில் நமக்கென்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நாமும் சும்மாதான் இருந்திருப்போம். ஆனால் நம்மவர்கள் சும்மா இருந்தார்களா?

திருவாரூர் ஜில்லாவில் மன்னார்குடிக்குப் பக்கத்தில் துளசேந்திரபுரம் என்று ஒரு ஊர். ஜனநாயகக் கட்சி அபேட்சகராய் நின்ற கமலா ஹாரிஸ் அம்மையாரின் தாய்வழிப் பாட்டனார் பிறந்த ஊர் அது. எலக்‌ஷன் அன்று அங்குள்ள தர்ம சாஸ்தா கோவிலில், அம்மையார் ஜெயிக்க வேண்டுமென்று அபிஷேகமும் அர்ச்சனையும் நடந்தன. அதே சமயத்தில் ஆந்திராவில் வட்லூர் என்ற ஊரிலே, டிரம்ப்புடன் வைஸ் பிரசிடெண்டு ஸ்தானத்துக்கு நின்ற வான்ஸின் மனைவி உஷா அம்மையாரின் பூர்வீகம் அந்த ஊர் என்பதற்காக, எதிர்க்கட்சி ஜெயிக்க வேண்டுமென்று பூஜை நடந்தது.

மறுநாள் முடிவு தெரிந்தது. டிரம்ப்புக்கு 312, அம்மையாருக்கு 226.

தோழர்களே! இப்பொழுது நாம் கேட்பது இதுதான். துளசேந்திரபுரத்துச் சாஸ்தாவுக்குக் காது கேட்கவில்லையா? கேட்டும் சக்தியில்லையா? அல்லது வட்லூர்ச் சாமி சாஸ்தாவைவிடப் பெரிய சாமியா? அப்படியானால் தமிழ்நாட்டு பக்தர்களெல்லாம் இனி ஆந்திராவுக்கல்லவா போக வேண்டும்? "எல்லாம் அவன் செயல்" என்று சமாதானம் சொல்லுவார்களேயானால், அவன் செயலை மாற்றும்படி பாலையும் தயிரையும் ஏன் கல்லின்மேல் கொட்டினார்கள்? பென்சில்வேனியா என்ற ஒரு மாகாணத்துக்கு மட்டும் 19 ஸ்தானம் உண்டு. அங்கே சாஸ்தாவுக்கும் ஓட்டு இல்லை, வட்லூர்ச் சாமிக்கும் ஓட்டு இல்லை. ஓட்டு மனிதனிடத்தில்தான் இருந்தது. அவன் தன் புத்திக்கு எட்டியபடி போட்டான்.

அவன் ஏன் அப்படிப் போட்டான் என்பதற்கு ஜாதகம் பார்க்க வேண்டியதில்லை. 2022 ஜூன் மாதத்தில் அந்நாட்டில் விலைவாசி முந்தின வருஷத்தைவிட நூற்றுக்கு 9.1 பங்கு ஏறியிருந்தது. நாற்பது வருஷத்தில் அப்படி ஏறியதில்லை. முட்டைக்கும் வீட்டு வாடகைக்கும் கூடுதலாய்க் கொடுத்தவன் சர்க்கார் மேல் கோபித்துக்கொண்டான். பைடன் ஜூலை 21ந் தேதிதான் போட்டியிலிருந்து விலகினார். அம்மையாருக்கு நான்கு மாதம்கூட முழுசாய்க் கிடைக்கவில்லை. அன்றியும், 1789 முதல் அந்த நாற்காலியில் 45 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒரு பெண்கூட இல்லை. படித்த நாடு என்று பேர் வாங்கிய இடத்திலும் ஆண் கர்வம் போய்விடவில்லை என்பதை நாம் மறைக்க விரும்பவில்லை.

அந்த நாட்டு எலக்‌ஷன் முறையிலும் ஊழல் உண்டு. ஜனங்களின் ஓட்டு நேராய்ப் பிரசிடெண்டைத் தெரிந்தெடுப்பதில்லை. மாகாணவாரியாக 538 பேரைத் தெரிந்தெடுக்கிறார்கள். அதில் 270 பேர் யாருக்கோ அவரே பிரசிடெண்டு. 2016ல் ஹில்லாரி கிளின்டன் அம்மையார் ஏறக்குறைய 29 லட்சம் ஓட்டு அதிகம் பெற்றும் தோற்றது இதனால்தான். இந்த ஏற்பாடு 1787ல் செய்யப்பட்டது. அக்காலத்தில் அடிமைகளுக்கு ஓட்டுக் கிடையாது. ஆனால் எஜமானர்களின் மாகாணத்துக்கு ஸ்தானம் கணக்கிட மட்டும் ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணினார்கள். என்ன அக்கிரமம் பாருங்கள்! ஆயினும் ஒரு வித்தியாசம் உண்டு. அவர்களுடைய சட்டம் மனிதன் செய்தது என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆதலால் மாற்ற முடிகிறது. அடிமைத்தனம் ஒழிந்தது, 1920ல் பெண்களுக்கு ஓட்டு வந்தது, ஒருவர் இரண்டு தடவைக்குமேல் பிரசிடெண்டாய்த் தெரிந்தெடுக்கப்படக் கூடாதென்று 1951ல் விதி ஏற்பட்டது. நமது மனுதர்மமோ கடவுள் பேரால் சொல்லப்பட்டது. ஆகவே அதைத் தொட்டால் பாவமாம்!

அந்த 1951ம் வருஷத்து விதிப்படி டிரம்ப் மறுபடி தெரிந்தெடுக்கப்பட முடியாது. ஆகவே 2028ல் யார் என்ற பேச்சு, 2024 ஓட்டுகளை எண்ணி முடித்தவுடனேயே கிளம்பிவிட்டது. ஒரு பக்கம் வான்ஸ் என்றும் ரூபியோ என்றும், மற்றொரு பக்கம் நியூசம், புட்டிஜெஜ், ஒகாசியோ கோர்டெஸ் அம்மையார், மறுபடியும் கமலா அம்மையார் என்றும் பெயர்கள் அடிபட்டன. இதில் யார் நிற்பார், யார் ஜெயிப்பார் என்று ஜோசியம் சொல்ல நாம் வரவில்லை. ஆனால் நம்மவர்கள் என்ன சொல்லுவார்கள் என்பதை மட்டும் இப்பொழுதே சொல்லிவிடலாம். வான்ஸ் நின்றால் "நம் மாப்பிள்ளை" என்பார்கள். கமலா நின்றால் "நம் பேத்தி" என்பார்கள். மறுபடியும் இரண்டு கோவிலிலும் மணி அடிக்கும்.

நாம் கேட்க வேண்டிய கேள்வி அதுவா? கூலிக்காரனுக்கு என்ன செய்வார்? நோயாளிக்கு வைத்தியம் எப்படிக் கிடைக்கும்? எந்தச் சண்டையை நிறுத்துவார், எதை மூட்டுவார்? அந்நாட்டுப் பெண்களுக்கு 1973 முதல் இருந்து வந்த கருக்கலைப்பு உரிமையை 2022ல் சுப்ரீம் கோர்ட்டு எடுத்துவிட்டதே, அதைப் பற்றி என்ன சொல்லுகிறார்? இவையல்லவா கேள்வி? பாட்டன் எந்த ஊர் என்பது ஒரு கேள்வியா?

கடைசியாக ஒன்று சொல்லவேண்டும். கமலா அம்மையாரின் தாயார் சியாமளா அவர்கள் 1958ல், பத்தொன்பது வயதில், தனியாகக் கப்பலுக்கப்பாலுள்ள தேசத்துக்குப் படிக்கப் போனார். மார்புப் புற்றுநோயைப் பற்றி ஆராய்ச்சி செய்தார். 1963ல் ஜமைக்கா தேசத்துக் கறுப்பரான பொருளாதார நிபுணர் ஒருவரைத் தாமே தெரிந்தெடுத்து மணந்தார். அந்தக் கல்யாணத்தில் பிறந்த பெண்தான் வைஸ் பிரசிடெண்டானார். படிப்பும், துணிவும், சாதியைத் தாண்டிய மணமும் செய்த வேலை அது. அபிஷேகம் செய்த வேலையல்ல.

அப்படிப்பட்ட பெண்ணை "நம் பெண்" என்று மார்தட்டும் தேசத்தில் நடப்பதென்ன? 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், பட்டப்பகலில், சாதி தாண்டி மணந்ததற்காக ஒரு வாலிபரை வெட்டிக் கொன்றார்கள். அவர் மனைவியையும் வெட்டினார்கள். நூற்றுக்கணக்கான கண்கள் நடக்கும் இடம் அது. துளசேந்திரபுரத்தாரை நாம் குறை சொல்ல வரவில்லை. அவர்கள் அன்பினால்தான் செய்தார்கள். ஆனால் சியாமளாவின் பேரால் சர்க்கரைப் பொங்கல் தின்கிற நாம், நம் தெருவில் ஒரு சியாமளா கிளம்பினால் என்ன செய்வோம்? அவள் படிப்பை நிறுத்திப் பத்துப் பொருத்தம் பார்ப்போமா, வாழ்த்தி அனுப்புவோமா?

ஆகவே தோழர்களே! 2028ல் வாஷிங்டனில் யார் உட்காருவார் என்பதை அந்நாட்டு ஓட்டர்கள் பார்த்துக்கொள்ளுவார்கள். நம் வீட்டுப் பெண் யாரை மணப்பது, எதைப் படிப்பது என்பதை அவளே தீர்மானிக்கும்படி விடுவது நம் கையில் இருக்கிறது. அபிஷேகத்துக்குக் கொட்டும் பாலை ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். அந்தப் பிள்ளைகளில் யாரேனும் நாளை எந்த நாற்காலியிலும் உட்காரட்டும். அதற்குச் சாஸ்தாவின் சிபார்சு வேண்டியதில்லை என்று சொல்லி முடித்துக் கொள்ளுகிறோம்.