முகவரியும் சம்பாஷணையும்

 

மனிதர் இடைப்படாமல் ஒரு மென்பொருள் முகவர் மற்றொன்றைத் தேடிக் கண்டு, அதனோடு பேசிக் காரியம் முடிப்பதற்கு எது ஆதாரம் என்னும் வினாவில், எனக்கும் என் சக ஆசிரியர்களுக்கும் நெடுநாளாக அபிப்பிராய பேதம் உண்டென்பதை இச்சபையிற் பலர் அறிவர். முகவர்களின் பெயரும் முகவரியும் கொண்ட பதிவேட்டைச் செம்மையாக அமைத்துவிட்டால் மற்றவை தாமே அமையும் என்பது அவர்கள் கட்சி. 1983-இல் பால் மோக்கபெட்ரிஸ் வகுத்த டி.என்.எஸ். என்னும் பெயர் முறை இன்றளவும் இணையத்தைத் தாங்கி நிற்பதை அவர்கள் சான்றாகக் காட்டுவர். முகவரி கிடைத்த பின்னர் நிகழும் சம்பாஷணையின் ஒழுங்கே பிரதானம் என்பது என் கட்சி.

இதை விளக்க, நம் மதுரைச் சுங்குடிச் சேலையையே எடுத்துக்கொள்வோம். 2021 டிசம்பர் 31-இல் நிறுவனமாகப் பதிவு பெற்ற ஓ.என்.டி.சி. என்னும் திறந்த வணிக வலையமைப்பு, பெக்கன் என்னும் செய்தி நெறிமுறையின்மேல் எழுந்தது. அதில் வாங்குவோர் செயலி ஒருவருடையது, விற்போர் செயலி வேறொருவருடையது. மதுரையில் ஒருவர் சேலை தேடினால், ஊரின் எஸ்.டி.டி. எண்ணாகிய 0452-ஐயே ஊர் அடையாளமாகத் தாங்கிய 'சர்ச்' செய்தியொன்றை, அவருடைய செயலி தன் மின்னொப்பத்துடன் கேட்வே என்னும் நுழைவாயிலுக்கு அனுப்புகிறது. நுழைவாயில், பதிவேட்டிலுள்ள பொதுத் திறவுகோலால் ஒப்பத்தைச் சோதித்து, உரிய விற்போர் செயலிகளுக்கெல்லாம் அச்செய்தியைப் பரப்புகிறது. அவை பெற்றுக்கொண்டதாக மட்டும் உடனே அறிவித்து, சரக்கு விவரத்தைப் பின்னர் வாங்குவோர் செயலிக்கு அனுப்புகின்றன. தேடுதல் இத்துடன் முடிந்தது, நுழைவாயில் விலகிக்கொள்கிறது. வியாபாரமோ இனிமேல்தான் தொடங்குகிறது. 'செலக்ட்' என்பது பொருளைத் தெரிந்து விலை கேட்பது. 'இனிட்' என்பது அனுப்பவேண்டிய இடத்தைச் சொல்லி நிபந்தனை அறிவது. 'கன்ஃபர்ம்' என்பது ஆர்டரை உறுதிசெய்வது. ஒவ்வொன்றுக்கும் உரிய மறுமொழி உண்டு. ஒரே பேரத்தின் செய்திகள் யாவும் ஒரே பரிவர்த்தனை எண்ணைத் தாங்கும். உறுதிசெய்தபின் பின்வாங்குவதற்குத் தனிச் செய்தி வேண்டும். பிணக்கு நேர்ந்தால் ஒப்பமிட்ட செய்திகளே சாட்சியம். இத்தனை ஒழுங்கும் அமைந்த பின்னரும், கையால் முடிச்சிட்டுச் சாயமேற்றிய சுங்குடியையும் அச்சிட்ட போலியையும் விற்பவர் 'பருத்திச் சேலை' என ஒரே பெயரில் பட்டியலிட்டிருந்தால், பதிவேட்டில் ஓர் எழுத்தும் பிழையில்லாமல் இருந்தும், கேட்டவர்க்குக் கேட்டது கிடைக்காது. நாள் முழுதும் முடிச்சிட்ட பெண்ணின் உழைப்புக்கும் உரிய விலை கிடைக்காது. வினாவுக்கும் விடைக்கும் கிளவியாக்கத்தில் இலக்கணம் வகுத்த தொல்காப்பியரைப் படித்த நாம், பொருள் ஒத்த விடையே விடை என்பதை எளிதில் உணரவேண்டும்.

பதிவேடு இல்லாமல் ஒப்பத்தைச் சோதிப்பது எங்ஙனம் என்று நண்பர்கள் கேட்பர். பதிவேடு வேண்டாம் என்று நான் ஒருபோதும் வாதித்ததில்லை. அது மட்டும் போதாது என்கிறேன். 2000-இல் பெரும் ஆரவாரத்துடன் வந்த, இணையச் சேவைகளைப் பட்டியலிடும் யு.டி.டி.ஐ. பதிவேடுகளை ஐ.பி.எம்., மைக்ரோசாஃப்ட், எஸ்.ஏ.பி. ஆகியவை பொதுமக்களுக்காக நடத்தி, 2006 தொடக்கத்தில் மூடிவிட்டன. சேவைகளின் பொருளைப் பற்றிய உடன்பாடு இல்லாத இடத்தில் பெயர்களின் குவியல் பயன்படவில்லை என்பதே என் நிர்ணயம்.

மென்பொருள் முகவர்களுக்குத் தரம் வகுக்க 1996-இல் தோன்றிய ஃபிபா அமைப்பு, முகவர்களின் அடைவையும் பேச்சு மொழியையும் ஒருங்கே வகுத்தது, விரிக்க நேரமில்லை. கூகுள் 2025 ஏப்ரலில் வெளியிட்டு, ஜூனில் லினக்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைத்த ஏ2ஏ நெறிமுறையில், ஒவ்வொரு முகவரும் தன் திறன்களைச் சொல்லும் அறிமுக அட்டையைத் தன் தளத்திலேயே வைக்கலாம். பணியின் நிலைகளையும் அந்நெறிமுறை வரையறுக்கிறது. இதுவும் என் கட்சிக்கு அரண்.

செய்யவேண்டியவை பல: தமிழ்ச் சரக்குப் பெயர்களுக்குப் பொது அகராதி, மாட்டுத்தாவணிப் பூச்சந்தையின் அளவை வழக்குகளின் தொகுப்பு, பிணக்குத் தீர்க்கும் முறை, ஏமாற்றும் முகவரை விலக்கும் விதி. ஆராய்ச்சி மாணவர்களை நான் வேண்டுவது ஒன்றே: இன்னொரு பதிவேடு கட்டுவதை ஒத்திவைத்து, முதலில் சுங்குடி முடிச்சிடுவோரிடம் சென்று, அவர்கள் வழங்கும் பெயர்களைத் தொகுத்து வாருங்கள்.