திரையில் தெரியும் காசு யாருடைய கையில்?

(யாழ்ப்பாணத்தில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கான கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே, தாய்மாரே, தோட்டத்திலிருந்து யாழ்ப்பாணத்துக் கடைகளுக்கு வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைமாரே,

கிரிப்டோவில் காசு போடலாமா என்று நம் பிள்ளைகள் கேட்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை. போடுவதற்கு முன் அந்தச் சந்தை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

பிட்கொயின் போன்ற நாணயங்கள் கணினியில் மட்டுமே இருப்பவை. எந்த அரசும் அவற்றை அச்சிடுவதில்லை. அவற்றை வாங்கி விற்க இடம் கொடுக்கும் கம்பனிதான் எக்ஸ்சேஞ்ச். திருநெல்வேலிச் சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். விற்பவர் ஒரு விலை சொல்கிறார், வாங்குபவர் ஒரு விலை கேட்கிறார், பொருந்தினால் வியாபாரம் முடிகிறது. எக்ஸ்சேஞ்ச் ஒவ்வொரு தடவையும் கட்டணம் எடுக்கும். விலை ஏறினாலும் இறங்கினாலும் அதற்கு வருமானம்தான்.

ஆனால் சந்தையில் வாங்கிய வெங்காயம் நம் பையில் இருக்கும். எக்ஸ்சேஞ்சில் வாங்கிய நாணயம் கம்பனியின் பெட்டகத்தில் இருக்கும், சாவியும் அவர்களிடமே. திரையில் நாம் பார்ப்பது, நமக்கு இவ்வளவு தரவேண்டும் என்று அவர்கள் எழுதிவைத்த கணக்கு மட்டும்தான்.

அந்தக் கணக்கு பொய்த்துப்போயிருக்கிறது. 2014இல் டோக்கியோவிலிருந்த மவுண்ட் கொக்ஸ் முறிந்தது. 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் விழுந்தது. வாடிக்கையாளரின் காசை எடுத்துப் பாவித்த அதன் முதலாளிக்கு 25 வருடச் சிறை. 2024 ஜூலையில் இந்தியாவின் வாசிர்எக்ஸில் 23 கோடி டொலருக்கு மேல் திருட்டுப் போக, சாதாரண மக்கள் தங்கள் காசை எடுக்க முடியாமல் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்.

நம் நாட்டு நிலைமை என்ன? இந்த வியாபாரம் நடத்த எந்தக் கம்பனிக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று மத்திய வங்கி 2022 ஜூலையில் அறிவித்தது. வங்கி அட்டையால் இதற்குக் காசு கட்டவும் அனுமதியில்லை. அதனால் செயலி காட்டும் முன்பின் தெரியாத ஒருவரின் வங்கிக் கணக்குக்குக் காசு போடுகிறார்கள். விற்கும்போதும் யாரோ ஒருவரிடமிருந்துதான் காசு வரும். அது மோசடிக் காசாக இருந்தால், விசாரணை நம் வாசலுக்கு வரும்.

எக்ஸ்சேஞ்சே இல்லாமல், அதைப்போல வேஷம் போடும் செயலிகளும் உண்டு. எம்.ரி.எஃப்.ஈ. அப்படியொன்று. தினமும் இலாபம் காட்டியது, ஆள் சேர்த்தால் மேலும் தருவதாகச் சொன்னது. 2023 ஓகஸ்டில் திடீரென்று கணக்குகளில் கடன் காட்டிவிட்டு மறைந்தது. அதைத் தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்களில் ஒன்றாக மத்திய வங்கி அறிவித்தது.

அனுமதி பெற்ற வங்கி முறிந்தால், வைப்புக் காப்புறுதியில் 11 இலட்சம் ரூபா வரை கிடைக்கும். எக்ஸ்சேஞ்ச் முறிந்தால் அப்படி ஒரு காப்புறுதி இல்லை.

ஆகவே மூன்று காரியம் செய்வோம். கடன் வாங்கியோ, நகையை அடகு வைத்தோ, சீட்டுக் காசை எடுத்தோ இதில் போடவேண்டாம். நம் அடையாள அட்டையையும் வங்கிக் கணக்கையும் இன்னொருவர் பாவிக்கக் கொடுக்கவேண்டாம். யாராவது ஆள் சேர்க்க வந்தால் முதலில் மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு அழைத்துக் கேட்போம். பிறகு சங்கத்தில் சொல்வோம்.

நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவுக்காக நாம் எத்தனை வருடம் போராடினோம்! 2021இல்தான் அது கிடைத்தது. அப்படி வந்த காசை, யாருடைய கையில் கொடுக்கிறோம் என்று தெரியாமல் கொடுக்கலாமா?